அக்காவுக்கு அக்கலேசியா: துளையிட்டுச் செய்யும் அறுவை சிகிச்சையா, பலூனா?

மன்னை மைந்தன் கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். என் அக்காவுக்கு வயது 41. அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றில் ஆசிரியையாக இருக்கிறார். சாப்பிட்டது நெஞ்சுக்குள்ளேயே நின்றுவிடுகிறது என்று இரண்டரை ஆண்டுகளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். தொடக்கத்தில் எப்போதாவது ஒருநாள் நின்றது. பிறகு வாரத்துக்கு இரண்டு மூன்று நாள் என்றாகி, இப்போது ஒவ்வொரு வேளையும் அப்படித்தான் என்ற நிலைக்கு வந்துவிட்டது. இட்லி, சப்பாத்தி என்றில்லை, தண்ணீரும் மோரும்கூடத் தயங்கித் தயங்கித்தான் இறங்குகின்றன.

அவர் சாப்பிடுவதை அருகில் இருந்து பார்த்தவர்களுக்குத்தான் இதன் கொடுமை தெரியும். நான்கு வாய் சாதம் உள்ளே போனதும் எச்சில் கையோடு எழுந்து கொல்லைப்புறத்துக்குப் போவார். சுவரோரம் நிமிர்ந்து நின்று, இடது கையைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு, மூச்சை அடக்கி ஒரு சொம்புத் தண்ணீரைக் கடகடவென்று குடிப்பார். சில வேளைகளில் உள்ளே ஏதோ திறந்துகொண்டதுபோல் மொத்தமும் இறங்கிவிடும். முகம் தெளிந்து திரும்பி வருவார். சில வேளைகளில் குடித்த தண்ணீரும் தின்ற சோறும் நுரையோடு அப்படியே மேலே வந்துவிடும். இரவில் படுத்தால் புரையேறி இருமல் எடுக்கிறது; காலையில் தலையணையில் முதல் நாள் சாப்பிட்ட பருக்கை கிடக்கும். 62 கிலோ இருந்தவர் இப்போது 51 கிலோ. கல்யாண வீடுகளில் விரதம் என்று பொய் சொல்லிவிட்டுப் பந்தியில் உட்காராமலேயே திரும்பிவிடுகிறார்.

ஒன்றரை ஆண்டுக்கும் மேலாக இதை வாயுத்தொல்லை, அமிலத்தொல்லை என்றே சொல்லி மாத்திரை கொடுத்தார்கள். எங்கள் ஊரில் எடுத்த முதல் எண்டோஸ்கோபியில் ஒன்றும் இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். மனநல மருத்துவரைப் பாருங்கள் என்று ஒருவர் சொன்னபோது அக்கா அழுததை நான் இன்னும் மறக்கவில்லை. பிறகு வேறொரு மருத்துவர், எக்ஸ்ரேயில் பளிச்சென்று தெரியும் பேரியம் என்ற திரவத்தைக் குடிக்கவைத்துப் படம் எடுத்தார். பார்த்த மாத்திரத்தில் அக்கலேசியா, அதாவது உணவுக்குழாயின் அடிவாயில் உள்ள தசை திறக்க மறுக்கும் நோய் என்றார். உணவுக்குழாய்க்குள் அழுத்தத்தை அளக்கும் மேனோமெட்ரி சோதனை செய்ததில், மூன்று வகைகளில் இரண்டாம் வகை என்று உறுதியாகியிருக்கிறது.

இப்போது எங்கள் முன் மூன்று வழிகள் வைத்திருக்கிறார்கள்: பலூன் வைத்து விரிப்பது, வயிற்றில் ஐந்து துளையிட்டு லேப்ராஸ்கோபி மூலம் தசையை வெட்டிவிடுவது, வாய் வழியே எண்டோஸ்கோப்பை விட்டு உள்ளிருந்தே தசையை வெட்டும் போயம் முறை. எங்கள் மருத்துவர் இரண்டாவது வழியைப் பரிந்துரைக்கிறார். உணவுக்குழாயைத் தெரிந்தே வெட்டுவது என்பதைக் கேட்டதும் அம்மாவுக்குக் கைகால் நடுங்குகிறது. வெட்டும்போது ஓட்டை விழுந்துவிடாதா? வாழ்நாள் முழுவதும் பயன் இருக்குமா, நாலைந்து ஆண்டில் திரும்ப வந்துவிடுமா? தசையை வெட்டிய பிறகு இரைப்பையைச் சுற்றி ஏதோ தைப்போம் என்றார்களே, அது எதற்கு? அனுபவப்பட்டவர்களும் விவரம் அறிந்தவர்களும் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

திருச்சிப் பயணி எழுதியது:

தம்பி, நீங்கள் எழுதியதில் அந்தக் கொல்லைப்புறத்துச் சுவரை நான் நன்றாக அறிவேன். எனக்கு அது அலுவலகத்து மாடிப்படி. எனக்கும் இரண்டாம் வகைதான். 36 வயதில் லேப்ராஸ்கோபி முறையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டேன். ஆறு ஆண்டுகள் முடிந்துவிட்டன.

அறுவைக்கு முன் மூன்று நாள் வெறும் நீராகாரம்தான் கொடுத்தார்கள். உணவுக்குழாயில் பழைய சோறு தேங்கியிருந்தால் மயக்க மருந்து கொடுக்கும் நேரத்தில் அது நுரையீரலுக்குள் போய்விடும் ஆபத்து உண்டு என்று மயக்கவியல் மருத்துவர் விளக்கினார். இதில் மட்டும் அக்காவை ஏமாற்றாமல் இருக்கச் சொல்லுங்கள். பசிக்கிறதே என்று இரண்டு பிஸ்கட் சாப்பிடுவது நம் வீடுகளில் சாதாரணம். இந்த நோயில் அந்தப் பிஸ்கட் மறுநாளும் அங்கேயே இருக்கும்.

கண் விழித்ததும் வயிற்றைவிட வலது தோள்பட்டைதான் அதிகமாக வலித்தது. வயிற்றில் துளை போட்டார்களா, தோளில் போட்டார்களா என்று செவிலியரிடம் கேட்டேன். வயிற்றை உப்பவைக்கச் செலுத்தும் கரியமில வாயு உதரவிதானத்தை உறுத்துவதால் அந்த வலி தோளில் தெரியுமாம். எனக்கு இரண்டு நாளில் போய்விட்டது. மறுநாள் காலை ஒரு மருந்து நீரைக் குடிக்கவைத்து எக்ஸ்ரே எடுத்தார்கள். நின்றுகொண்டு குடித்தேன். வழக்கம்போல் நெஞ்சுக்குழியில் வந்து முட்டும் என்று உடம்பை இறுக்கிக்கொண்டு காத்திருந்தேன். முட்டவில்லை. திரையைப் பார்த்துக்கொண்டிருந்தவர் "போய்விட்டது, அடுத்த வாய் குடியுங்கள்" என்றார். நான் அடுத்த வாயைக் குடிக்காமல் நின்றுகொண்டிருந்தேன். என்னவோ குடிக்கத் தோன்றவில்லை.

மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்துவிட்டேன். முதல் வாரம் கஞ்சி, ரசத்தண்ணீர், இளநீர், வடிகட்டிய பருப்புத் தண்ணீர். அடுத்த இரண்டு வாரம் குழைந்த ரசம் சாதம், இடியாப்பத்தைப் பாலில் ஊறவைத்து. ஒரு மாதத்துக்குப் பிறகு இட்லி. சப்பாத்தி, பரோட்டா, பன் போன்றவற்றை மருத்துவர் கடைசியாகத்தான் அனுமதித்தார். குடம் தூக்குவது, எரிவாயு உருளையை நகர்த்துவது எல்லாம் ஆறு வாரம் கூடாது.

இன்றைக்கும் நான் வேகமாகச் சாப்பிட முடியாது. தண்ணீர் இல்லாமல் சோற்றுத்தட்டின் முன் உட்காருவதில்லை. ஆனால் எழுந்து ஓட வேண்டியதில்லை.

ஓய்வில் உள்ள அறுவையாளர் எழுதியது:

இரைப்பை குடல் அறுவை சிகிச்சையில் நெடுங்காலம் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில் சில செய்திகளைச் சொல்கிறேன். உங்கள் அக்காவின் படங்களையும் அறிக்கைகளையும் பார்க்காதவன் நான். எனவே இறுதி முடிவை உங்கள் மருத்துவரோடு பேசித்தான் எடுக்க வேண்டும்.

முதலில் நோயைப் புரிந்துகொள்ளுங்கள், சிகிச்சையின் எல்லை தானே விளங்கும். நாம் விழுங்கும் கவளம் தன் எடையால் மட்டும் கீழே விழுவதில்லை. ஏறக்குறைய 25 சென்டிமீட்டர் நீளமுள்ள உணவுக்குழாய், மேலிருந்து கீழாக அலையலையாய்ச் சுருங்கி அதைத் தள்ளுகிறது. அலை கீழே வந்து சேரும் நேரத்தில், இரைப்பையின் வாயிலில் உள்ள சுருக்குத்தசை தளர்ந்து வழிவிடுகிறது. இவ்விரண்டையும் ஒத்திசைப்பவை உணவுக்குழாயின் தசைச்சுவருக்குள் வலைபோல் பரவியிருக்கும் நரம்பணுக்கள். அக்கலேசியாவில், குறிப்பாகத் தசையைத் தளரச் சொல்லும் நரம்பணுக்கள் அழிந்துவிடுகின்றன. ஏன் அழிகின்றன என்பது முழுமையாக விளங்கவில்லை. உடலின் எதிர்ப்புச் சக்தி தன் நரம்பணுக்களையே தாக்குவதாக இருக்கலாம் என்ற கருத்து வலுவாக உள்ளது. தென் அமெரிக்காவில் சாகஸ் நோய் எனப்படும் ஒட்டுண்ணித் தொற்று இதே போன்ற நிலையை உண்டாக்குகிறது. நம் ஊரில் காண்பது பெரும்பாலும் காரணம் தெரியாத வகைதான். ஆண்டுக்கு ஒரு லட்சம் பேரில் ஏறத்தாழ ஒருவருக்குப் புதிதாக வரும் அரிய நோய் என்பதால், பொது மருத்துவர் ஒருவர் தம் வாழ்நாளில் இரண்டு மூன்று பேரைத்தான் பார்த்திருப்பார். வாயுத்தொல்லை என்று நினைத்ததற்கு அது ஒரு காரணம்.

ஆனாலும் கண்டுபிடிக்க ஒரு எளிய வழி இருந்தது. அமிலத்தொல்லையில் எதுக்களித்து வருவது புளிக்கும், தொண்டை எரியும். உங்கள் அக்காவின் தலையணையில் கிடந்த பருக்கை புளித்திருக்காது, செரிக்கத் தொடங்கியும் இருக்காது. ஏனென்றால் அது இரைப்பையை எட்டவே இல்லை. "திரும்பி வருவது புளிக்கிறதா, போட்ட ருசியிலேயே வருகிறதா?" என்ற ஒரே கேள்வியை யாராவது கேட்டிருந்தால் ஓர் ஆண்டு மிச்சமாகியிருக்கும். எண்டோஸ்கோபியில் ஒன்றும் இல்லை என்றதும் வியப்பல்ல. தொடக்க நிலையில் குழாய் விரிந்திருக்காது. வாயிலில் கருவியைச் சற்று அழுத்தினால் வழுக்கிக்கொண்டு உள்ளே போய்விடும். வடிவத்தில் குறை இல்லை, இயக்கத்தில்தான் குறை. இயக்கத்தைக் காட்டுபவை பேரியம் படமும் மேனோமெட்ரியும். பேரியம் படத்தில் மேலே அகன்று, கீழே பறவையின் அலகுபோல் வழுவழுப்பாகக் கூர்ந்து முடியும். அதே இடம் எலிவால்போல் ஒழுங்கற்று இருந்தாலோ, நோயாளி முதியவராக இருந்து சில மாதங்களிலேயே வேகமாக இளைத்தாலோ, அக்கலேசியா வேடத்தில் வந்த புற்றுநோயா என்று முதலில் பார்ப்போம். உங்கள் அக்காவின் வயதும் இரண்டரை ஆண்டுக் கால வரலாறும் அப்படிப்பட்டதல்ல. இருந்தாலும் அறுவைக்கு முன் எண்டோஸ்கோபியை இன்னொரு முறை செய்திருப்பார்கள் என்று நம்புகிறேன்.

இனிச் சிகிச்சை. அழிந்த நரம்பணுக்களை மீட்கும் மருந்து எதுவும் இல்லை. மூன்று வழிகளும் செய்வது ஒன்றுதான்: திறக்க மறுக்கும் வாயிலை வலிந்து திறந்துவைப்பது. தள்ளும் அலை பெரும்பாலும் திரும்பி வராது. அறுவைக்குப் பின் சோறு இறங்குவது புவியீர்ப்பாலும், குடிக்கும் தண்ணீரின் எடையாலும்தான். திருச்சிப் பயணி தண்ணீர் இல்லாமல் தட்டின் முன் உட்காருவதில்லை என்று எழுதியதன் பொருள் இதுவே.

இந்தத் தத்துவம் பழையது. 1674-இல் இங்கிலாந்து மருத்துவர் தாமஸ் வில்லிஸ், திமிங்கில எலும்பின் முனையில் கடற்பஞ்சைக் கட்டி, சாப்பிட்டதும் அதை நோயாளியே தொண்டைக்குள் விட்டு உணவைக் கீழே தள்ளிக்கொள்ளச் செய்த செய்தியை எழுதிவைத்திருக்கிறார். இன்றைய பலூனின் பாட்டன் அது. தசையை வெட்டும் முறையை 1913-இல் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் எர்ன்ஸ்ட் ஹெல்லர் செய்தார். அவர் குழாயின் முன்புறமும் பின்புறமும் வெட்டினார். முன்புறம் மட்டும் வெட்டினாலே போதும் என்பது சில ஆண்டுகளிலேயே தெரிந்தது. வயிற்றையோ மார்பையோ நீளமாகத் திறந்து செய்துவந்த இந்த அறுவையை 1990-களின் தொடக்கத்தில் லேப்ராஸ்கோபி வழியாகச் செய்யத் தொடங்கினார்கள். உணவுக்குழாயும் இரைப்பையும் சந்திக்கும் இடம் மார்புக்கூட்டின் அடியில் ஆழத்தில் ஒளிந்திருக்கிறது. பெரிய கீறல் போட்டுக் கையை விட்டுச் செய்த காலத்தில் அந்த இடத்தைச் சரியாகக் கண்ணால் பார்ப்பதே பாடு. கேமரா அங்கே போய் நின்று பெரிதாக்கிக் காட்டியதும், நோயாளிக்கு மட்டுமல்ல, அறுவையாளருக்கும் விடிவு பிறந்தது என்றுதான் நான் சொல்வேன்.

உங்கள் அம்மாவின் அச்சத்துக்கு வருகிறேன். உணவுக்குழாயை ஊடுருவி வெட்டுவதில்லை. குழாயின் சுவரில் வெளியே தசை, உள்ளே மெல்லிய சளிச்சவ்வு. தசையை மட்டும் நீளவாக்கில் பிளந்துவிட்டுச் சவ்வை முழுதாக விட்டுவிடுகிறோம். நுங்கை உரித்திருப்பீர்களானால் எளிதில் விளங்கும்: மேல்தோலைச் சுரண்டி எடுக்க வேண்டும், உள்ளே நீர் கோத்த சுளை உடையக் கூடாது. கல்லீரலின் இடது மடலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, சந்திப்பின் மேல் படிந்திருக்கும் கொழுப்பை அகற்றி, முன்புறம் ஓடும் வேகஸ் நரம்பைக் காயப்படாமல் ஒதுக்கிவிட்டுத் தொடங்குவோம். உணவுக்குழாயின் மேல் சுமார் 6 சென்டிமீட்டர், அங்கிருந்து இரைப்பையின் மேல் 2 முதல் 3 சென்டிமீட்டர் வரை பிளவு நீளும். வட்டத் தசையின் கடைசி இழை அறுந்ததும், அதுவரை நெரிபட்டிருந்த வெண்மையான சவ்வு பிளவின் நீளத்துக்கும் மெல்ல உப்பிக்கொண்டு வெளியே வரும். பலமுறை பார்த்திருந்தும் அந்த நொடி எனக்கு அலுத்ததில்லை. இரைப்பைப் பக்கம் நீளும் அந்த 2, 3 சென்டிமீட்டர்தான் கடினமான பகுதி. அங்கே தசையிழைகள் திசை மாறி ஓடும், சவ்வு இன்னும் மெல்லியது. துணிச்சல் இல்லாமல் அங்கே குறைத்து வெட்டியவர்களின் நோயாளிகள்தாம் பெரும்பாலும் சில மாதங்களில் அதே தொல்லையோடு திரும்பி வருவார்கள்.

சவ்வில் ஓட்டை விழுமா என்றால், விழுவதுண்டு. 2011-இல் வெளியான ஐரோப்பிய ஆய்வில் இந்த அறுவை செய்துகொண்டவர்களில் 12 விழுக்காட்டினருக்குச் சவ்வு கிழிந்தது. ஆனால் அறுவையின்போதே கண்டுபிடித்துத் தைத்துவிட்டால் பெரும்பாலும் தீங்கில்லை. முடிக்கும் முன் எண்டோஸ்கோப் வழியே காற்றைச் செலுத்தியோ நீல மருந்தை விட்டோ கசிவு உண்டா என்று சோதிப்பது இதற்காகத்தான். தப்பிவிட்ட ஓட்டைதான் ஆபத்து. அறுவைக்கு மறுநாள் காய்ச்சலோ, நாடித்துடிப்பு வேகமாவதோ, மார்புவலியோ வந்தால் உடனே சொல்ல வேண்டும்.

அதே ஆய்வு, பலூன் சிகிச்சையையும் லேப்ராஸ்கோபியையும் 201 நோயாளிகளிடம் ஒப்பிட்டது. இரண்டு ஆண்டு முடிவில் பலூனில் 86 விழுக்காடு, அறுவையில் 90 விழுக்காடு வெற்றி. ஐந்து ஆண்டிலும் பெரிய வேறுபாடு இல்லை. ஆனால் பலூன் குழுவில் கால்வாசிப் பேருக்கு மீண்டும் விரிக்க வேண்டியிருந்தது. பலூனில் உணவுக்குழாய் முழுத்தடிமனாகக் கிழிந்துவிடும் ஆபத்து அந்த ஆய்வில் 4 விழுக்காடு. வகையைப் பொறுத்துப் பார்த்தால், உங்கள் அக்காவின் இரண்டாம் வகை மூன்றிலும் நல்ல வகை. எந்தச் சிகிச்சைக்கும் நன்றாக இணங்கும். இதுவே மூன்றாம் வகையாக இருந்திருந்தால் பலூன் வேண்டாம் என்று உறுதியாகச் சொல்லியிருப்பேன். அங்கே குழாயின் மேற்பகுதியும் இழுத்துக்கொள்வதால், எவ்வளவு உயரத்துக்கும் வெட்டக்கூடிய போயம் முறைக்குத் தனிச் சாதகம் உண்டு.

எனவே இரண்டாம் வகையில் எது சிறந்தது என்று கேட்பதைவிட, உங்களுக்கு எட்டும் தொலைவில் எதை அடிக்கடி செய்து பழகிய கை இருக்கிறது என்று கேளுங்கள். உங்கள் மருத்துவரிடம் கூச்சப்படாமல் "ஆண்டுக்கு எத்தனை பேருக்குச் செய்கிறீர்கள்?" என்று கேட்கலாம்.

கோவில்பட்டி ஆசிரியர் எழுதியது:

மருத்துவர் ஐயா சொன்னதை மறுக்கவில்லை. ஆனால் பலூனுக்காக ஒருவராவது பேச வேண்டும் அல்லவா? எனக்கு 52 வயதில் 30 மில்லிமீட்டர் பலூன் வைத்தார்கள். மூன்று வாரம் கழித்து 35. ஒவ்வொரு முறையும் ஒரே இரவு மருத்துவமனையில் இருந்தேன். வயிற்றில் ஒரு தழும்பு இல்லை. நான்கு ஆண்டு நன்றாகச் சாப்பிட்டேன்; சென்ற ஆண்டு மீண்டும் கொஞ்சம் அடைத்ததால் மூன்றாம் முறை செய்துகொண்டேன். அவர் சொன்ன கால்வாசிப் பேரில் நான் ஒருவன். இருந்தும் எனக்கு வருத்தமில்லை. சர்க்கரை நோயும் இதயத்தில் ஸ்டென்ட்டும் உள்ள என்னைப் போன்றவனுக்கு நீண்ட மயக்க மருந்தைத் தவிர்த்ததே பெரிது. உங்கள் அக்காவுக்கு அந்தத் தடைகள் இல்லையென்றால் கணக்கு வேறு, அதையும் ஒப்புக்கொள்கிறேன்.

ஒரு எச்சரிக்கை. ஒரு மருத்துவமனையில் என்னிடம் தசையைத் தளர்த்தும் போட்டாக்ஸ் ஊசி போட்டால் போதும் என்றார்கள். போட்டேன். ஐந்தாம் மாதம் பழைய குருடி கதவைத் திறடி என்றாகிவிட்டது.

மன்னை மைந்தன் எழுதியது:

அனைவருக்கும் நன்றி. மருத்துவர் ஐயாவுக்கு இரண்டு கேள்விகள். தசையை வெட்டிய பிறகு இரைப்பையை எடுத்துத் தைப்பது எதற்கு என்பது இன்னும் புரியவில்லை. வாயிலைத் திறந்துவிட்டு மறுபடியும் மூடுவதுபோல் இருக்கிறதே? போயம் முறையில் வெளியே ஒரு துளைகூட இல்லை என்கிறார்களே, அப்படியானால் அதையே ஏன் எல்லோருக்கும் செய்வதில்லை?

ஓய்வில் உள்ள அறுவையாளர் எழுதியது:

இரண்டு கேள்விக்கும் விடை ஒன்றுதான்: அமிலம். சுருக்குத்தசை உணவை உள்ளே விடாமல் தொல்லை கொடுத்தது உண்மை. ஆனால் இரைப்பையின் அமிலம் மேலே ஏறாமல் காப்பதும் அதே தசைதான். அதை வெட்டியதும் வழி இரு திசையிலும் திறந்துவிடுகிறது. சாதாரண மனிதர்களுக்கு அமிலம் ஏறினால் உணவுக்குழாய் அலையெழுப்பி அதைத் திருப்பித் தள்ளிவிடும். அக்கலேசியாக்காரர்களுக்கு அந்த அலையும் இல்லை. ஏறிய அமிலம் அங்கேயே தங்கிப் புண்ணாக்கும். ஆகவே இரைப்பையின் மேல்முனையை மடித்து, பிளந்த இடத்தின் மேல் முன்புறமாகப் போர்த்தி, பிளவின் இரு ஓரங்களிலும் தைக்கிறோம். டோர் மடிப்பு என்று பெயர். அரைவட்டம்தான், முழுச்சுற்றாகச் சுற்றினால் நீங்கள் அஞ்சுவதுபோல் மறுபடி மூடியதாகிவிடும், அலையில்லாத குழாயால் அந்த இறுக்கத்தைத் தாண்டித் தள்ள முடியாது. 2004-இல் வெளியான ஓர் ஒப்பீட்டு ஆய்வில், தசையை மட்டும் வெட்டியவர்களில் 47.6 விழுக்காட்டினருக்கு அமில ஏற்றம் இருந்தது. டோர் மடிப்பும் சேர்த்தவர்களில் அது 9.1 விழுக்காடுதான். மடிப்பு, சவ்வின் மேல் ஒரு ஒட்டுத்துணிபோலவும் காப்பாக இருக்கிறது. அம்மாவிடம் இதைச் சொல்லுங்கள்.

போயம் முறையை ஜப்பானில் ஹருஹிரோ இனூவே 2008-இல் மனிதர்களிடம் செய்யத் தொடங்கினார். அருமையான முறை. சவ்வுக்கும் தசைக்கும் இடையே சுரங்கம் தோண்டிக்கொண்டு போய் உள்ளிருந்து வெட்டுகிறார்கள். ஆனால் உள்ளிருந்துகொண்டு இரைப்பையை வெளியே மடித்துத் தைக்க வழக்கமான முறையில் வழியில்லை. 2019-இல் வெளியான ஒப்பீட்டில் இரண்டு ஆண்டு வெற்றி போயத்தில் 83 விழுக்காடு, டோர் மடிப்போடு கூடிய லேப்ராஸ்கோபியில் 81.7, அதாவது சமம். கடுமையான சிக்கல்கள் போயத்தில்தான் குறைவு: 2.7 விழுக்காடு, அறுவையில் 7.3. ஆனால் அமிலத்தால் உணவுக்குழாய் புண்பட்டது, இரண்டாம் ஆண்டில் போயத்தில் 44 விழுக்காடு, அறுவையில் 29. அந்தப் புண்ணைப் பெரும்பாலும் மாத்திரையால் கட்டுப்படுத்தலாம். 75 வயதுக்காரருக்கு மாத்திரை ஒரு பொருட்டல்ல. 41 வயதில் இன்னும் பல பத்தாண்டுகள் மாத்திரையை நம்பியிருக்க வேண்டுமா என்பதைத் தராசில் வைக்கத்தான் வேண்டும். அதனால் உங்கள் மருத்துவரின் பரிந்துரை எனக்குப் பொருத்தமாகவே படுகிறது. எண்டோஸ்கோபித் துறையில் உள்ள என் இளைய நண்பர்கள் இதைப் படித்தால் சண்டைக்கு வருவார்கள், வரட்டும்.

மேலும் இரண்டு செய்திகள். அறுவைக்கு முன் எக்கார்ட் மதிப்பெண்ணைக் குறித்துவையுங்கள்: விழுங்குவதில் தடை, திரும்பி வருதல், மார்புவலி, எடைக்குறைவு ஆகிய நான்குக்கும் தலா 0 முதல் 3 வரை, மொத்தம் 12. அறுவைக்குப் பின் 3 அல்லது அதற்குக் கீழ் நின்றால் வெற்றி என்பது வழக்கு. பிற்காலத்தில் ஒப்பிட்டுப் பார்க்க அந்த எண் உதவும். அறுவை வெற்றி பெற்ற பிறகும் கண்காணிப்பை விட்டுவிடாதீர்கள். நெடுநாள் அக்கலேசியாவில் உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்கான வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். செலவு ஒரு தடையென்றால், சென்னையில் ஸ்டான்லி, ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனைகளிலும் புதுச்சேரி ஜிப்மரிலும் இரைப்பை குடல் அறுவை சிகிச்சைக்கெனத் தனித்துறைகள் உள்ளன.

மன்னை மைந்தன் எழுதியது:

இனி எழுதுவது அக்கா. தம்பியின் கணக்கிலிருந்து எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். அனைத்தையும் இரண்டு முறை படித்துவிட்டேன். அறுவைக்கு ஒப்புக்கொள்ளப் போகிறேன். எல்லோரும் என் உணவுக்குழாயைப் பற்றிக் கேட்டுவிட்டார்கள். என் கேள்வி ஒன்று இருக்கிறது. எங்கள் பள்ளியில் மதிய இடைவேளை நாற்பது நிமிடம். ஆசிரியைகள் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து, டப்பாக்களைத் திறந்துவைத்துப் பகிர்ந்து சாப்பிடுவோம். இரண்டு ஆண்டாக நான் அந்த அறைக்குள் போவதில்லை. விடைத்தாள் திருத்த வேண்டும் என்று சொல்லிவிட்டு நூலகத்தில் இருந்துவிடுகிறேன். அறுவை முடிந்தால் அந்த நாற்பது நிமிடத்துக்குள் மற்றவர்கள் முன்னால் சாப்பிட முடியுமா? திருச்சிப் பயணியிடம்தான் கேட்கிறேன்.

திருச்சிப் பயணி எழுதியது:

அக்கா, முடியும். முதல் இரண்டு மாதம் வேண்டாம். அவசரப்பட்டு ஒரு கவளம் நின்றுவிட்டால் மனம் பயந்துவிடும். அதன் பிறகு நான் செய்வதைச் சொல்கிறேன். சாதத்தை வீட்டிலேயே குழைவாகப் பிசைந்து எடுத்துக்கொண்டு போவேன்; உதிரியாக இருந்தால் நேரம் பிடிக்கும். வெந்நீர் ஒரு பிளாஸ்க் கட்டாயம். குளிர்ந்த நீர் குடித்தால் எனக்கு இன்றும் நெஞ்சில் பிடிக்கிறது. வெதுவெதுப்பாக இருந்தால் ஓடிவிடுகிறது. முதல் நாலைந்து வாய்க்கு மட்டும் ஒவ்வொன்றுக்கும் ஒரு மடக்கு. பிறகு வழி பழகிவிட்டதுபோல் இறங்கும். சாய்ந்து உட்காராமல் முதுகை நிமிர்த்தி உட்காருங்கள். எனக்கு முழுச் சாப்பாட்டுக்கு முப்பது நிமிடம் ஆகிறது. மற்றவர்கள் முடித்துவிட்டுப் பேசிக்கொண்டிருப்பார்கள், நான் கடைசியில் முடிப்பேன். யாரும் கவனிப்பதுகூட இல்லை.

இரவுச் சாப்பாட்டை ஏழு மணிக்குள் முடித்துவிடுங்கள். மூன்று மணி நேரம் கழித்துப் படுங்கள். கட்டிலின் தலைமாட்டுக் கால்கள் இரண்டுக்கும் அடியில் இரண்டிரண்டு செங்கல் வைத்துக்கொள்ளுங்கள். தலையணையை அடுக்குவது அதற்கு மாற்றல்ல, கழுத்துதான் வலிக்கும். என் கட்டில் இன்னும் செங்கல் மேல்தான் நிற்கிறது.

ஒன்று மட்டும்: பகிர்ந்து சாப்பிடும்போது யாராவது பூரியையோ பன்னையோ நீட்டினால் முதல் ஆண்டு வேண்டாம் என்றே சொல்லிவிடுங்கள். எலுமிச்சைச் சாதம் தாராளமாக வாங்கிக்கொள்ளலாம், நிலக்கடலையை ஒதுக்கிவிட்டு.